அக்கா சொன்ன லென்ஸ்

“எண்பத்தஞ்சு லென்ஸை எடுத்துட்டுப் போ,” என்று அக்கா சொன்ன உடனேயே டவுட்டுக்குச் சுருக்கென்றது. கேட்டாலே வாயைத் திறக்காத உலகம் இது. கேட்காமலே ஒருவர் யோசனை சொன்னால்?

“எதுக்குக்கா எண்பத்தஞ்சு?”

“பேங்க் மேனேஜர் மூஞ்சியைத்தானே எடுக்கப் போறே? மூஞ்சிக்கு அதுதான். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ.”

கண்ணை மூடிக்கொண்டா! போட்டோ எடுக்கப் போகிறவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது?

டவுட்டு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம். பரீட்சையில் பதில் எழுதாமல், அச்சடித்திருக்கிற கேள்வியே சரிதானா என்று எழுந்து நின்று கேட்டவன் அவன். வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒன்றரை வருஷம் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கி, இப்போதுதான் இந்த ஸ்டூடியோவுக்குள் கால் வைத்திருக்கிறான். பட்டம் மட்டும் அவனுக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

முதலாளி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். “மூணு வேலை தர்றேன். மூணுல ஒண்ணாவது எனக்குப் பிடிக்கணும். பிடிச்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா கிடங்குக்கே போயிடு. உன் கம்பளிக் கோட்டு இன்னும் அங்கேதான் தொங்கிட்டிருக்கும்.”

இதில் ஒரு சின்னச் சிக்கல். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று டவுட்டு போன வாரமே வீட்டுக்குச் சொல்லிவிட்டான். அம்மா அதை இரண்டு அத்தைகளுக்கும் மூன்று மாமாக்களுக்கும், கேட்கவே கேட்காத பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லியாகிவிட்டது.

இன்னொரு சிக்கல், லென்ஸ்களைப் பூட்டி வைத்திருந்த அலமாரி. முன்பு யாரோ மூன்று லென்ஸோடு வெளியே போய் இரண்டோடு திரும்பி வந்தாராம். அன்றிலிருந்து ஒரு வேலைக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் என்று முதலாளி சட்டம் போட்டிருந்தார். நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எடுத்துப் போக வேண்டும். போன இடத்தில் ‘ஐயோ, அதை எடுத்து வந்திருக்கலாமே’ என்று நினைத்தால் நினைத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அந்த அலமாரிக்குச் சாவிதான் அக்கா. ஸ்டூடியோவிலேயே கைதேர்ந்த போட்டோகிராபர் அவர்தான். இப்போது ஏழாம் மாதம். வெளி வேலைக்கு அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அலமாரிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடத்துக்குத்தான் டவுட்டு வந்திருக்கிறான்.

இங்கேதான் டவுட்டின் மூளை விழித்துக்கொண்டது. நான் நன்றாக எடுத்துவிட்டால், பிள்ளை பெற்றுத் திரும்பி வரும்போது அக்காவின் இடத்தில் நான் இருப்பேன். தன் நாற்காலிக்குத் தானே ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் உண்டா? எண்பத்தஞ்சு என்கிறார். அப்படியென்றால் எண்பத்தஞ்சில் ஏதோ கண்ணி இருக்கிறது.

அக்கா போன் பேசத் திரும்பிய நேரத்தில் நோட்டில் ‘இருபத்திநாலு’ என்று எழுதிவிட்டு, அந்தக் குட்டி லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுடைய பழைய சின்னக் கேமராவில் இருபத்திநாலோடுதான் வருஷக்கணக்காகக் குடித்தனம். தெரிந்த பிசாசே மேல்.

பேங்க் மேனேஜர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து வந்தது ஸ்டூடியோவின் ஃபுல் ஃப்ரேம் கேமரா. சென்சார் பெரிசு. லென்ஸ் பார்ப்பதையெல்லாம் ஓரம்வரை விடாமல் காட்டிக்கொடுத்துவிடும். சின்னக் கேமராவில் நல்ல பிள்ளையாக இருந்த இருபத்திநாலு இதில் மாட்டியதும் வாயை ஆவென்று அகலத் திறந்தது. மேனேஜரோடு சேர்ந்து அலமாரி, குப்பைக்கூடை, மேஜைக்கு அடியில் அவர் கழற்றிப் போட்டிருந்த ஷூ எல்லாம் உள்ளே வந்தன.

அதைச் சரிசெய்ய டவுட்டு கிட்டே போனான். ஷூ மறைந்தது. குப்பைக்கூடையும் மறையட்டும் என்று இன்னும் கிட்டே போனான்.

“தம்பி, மூச்சு என் மேல படுது,” என்றார் மேனேஜர்.

“இதோ ஆச்சு சார்.”

படம் வந்தது. மேனேஜரின் மூக்கு முதலில் வந்தது. கொஞ்சம் பொறுத்து மேனேஜர் வந்தார். காதுகள் இரண்டும் பின்னால் எங்கோ ஊருக்குப் போயிருந்தன.

வேனில் திரும்பும்போது டிரைவர் அண்ணன் கேமராவை வாங்கிப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் சிரித்தார். “இந்த மூக்குக்கே தனி லோன் கொடுக்கலாம்டா தம்பி!”

முதலாளி சிரிக்கவில்லை. “ஒண்ணு போச்சு,” என்றார்.

அக்கா நோட்டைப் பார்த்தார். டவுட்டைப் பார்த்தார். “நான் எண்பத்தஞ்சுன்னுதானே சொன்னேன்?”

“ஆமாக்கா. கை தவறிடுச்சு.”

“எழுதும்போதும் கை தவறிடுச்சா?”

டவுட்டு லென்ஸைத் துடைத்து அலமாரியில் வைத்தான். ‘இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே, எதற்கு?’ என்று மட்டும் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

இரண்டாவது வேலை, விற்பனைக்கு வந்த ஒரு வீடு. உள்ளே எல்லா அறைகளையும் எடுக்க வேண்டும்.

“சின்னச் சின்ன ரூமா இருக்கும். இருபத்திநாலை எடுத்துட்டுப் போ,” என்றார் அக்கா.

டவுட்டு திடுக்கிட்டான். எந்த லென்ஸ் என்னைக் குழியில் தள்ளியதோ, அதையே மறுபடி கையில் கொடுக்கிறார்! அன்றைக்கு அவர் சொல்லாத லென்ஸ், இன்றைக்கு மட்டும் எப்படி நல்லதாகிவிட்டது? ஒருத்தர் வாயில் இரண்டு பேச்சு. போதாக்குறைக்கு, அன்றைக்கு எண்பத்தஞ்சு எடுத்திருந்தால் மூக்கு மூக்காக இருந்திருக்கும் என்று பிறகு அவனே படித்துத் தெரிந்துகொண்டிருந்தான். அதனால் எண்பத்தஞ்சை எடுத்துக்கொண்டான்.

அந்த வீட்டின் வரவேற்பறையில் நின்று பார்த்தால் சோபாவின் ஒரு கை மட்டும் தெரிந்தது. சமையலறையில் ஒரு அடுப்புக் குமிழ். முதுகு சுவரில் ஒட்டும்வரை பின்னால் போனான். இரண்டு குமிழ் தெரிந்தது. குளியலறையில் கதவுக்கு வெளியே நின்றும் குழாய் மட்டும்தான் வந்தது. யார் இந்தக் குழாயைப் பார்த்து வீடு வாங்குவார்கள்?

“இன்னும் பின்னாடி போகணும்ணே,” என்றான் டிரைவரிடம்.

“பின்னாடி சுவருடா.”

“அப்ப சுவருக்கு அந்தப் பக்கம் போவோம்.”

குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே சந்துக்குள் போய், எதிர்ச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் குறிபார்த்தான். அங்கிருந்து குளியலறை முழுசாக, அழகாக வந்தது. ஒரு பெண் குரலும் வந்தது.

“ஏய்! குளிக்கிற ரூமைப் போட்டோ எடுக்கிறான் பாருங்க! பிடிங்க அவனை!”

“அம்மா, உள்ளே யாரும் இல்லம்மா! காலி வீடு!”

“காலி வீட்டை எவனாவது ஒளிஞ்சு எடுப்பானா? உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?”

“அக்காவாலதாம்மா இந்தச் சுவர் மேல உட்கார்ந்திருக்கேன்!”

அந்தப் பதில் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. வீட்டு உரிமையாளர் வந்து, முதலாளி வந்து, அந்த அம்மாளுக்கு ஒரு குடும்பப் படம் இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

“ரெண்டு போச்சு,” என்றார் முதலாளி.

அக்கா மட்டும் நோட்டில் இருந்த ‘எண்பத்தஞ்சு’ மேல் விரலை வைத்துக்கொண்டு அவனையே நெடுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட டவுட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யோசனையாகப் பார்த்தார்.

மூன்றாவது வேலை, பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. அந்தப் பள்ளிக்கூடத்துப் படங்கள்தான் ஸ்டூடியோவுக்குச் சோறு போடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பகலில்தான் விழா, ஆனால் இருட்டு அரங்கம். போட்டோகிராபர் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஃப்ளாஷ் போடக் கூடாது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு, டிரைவர் அண்ணனின் வேனில் வீட்டுக்குக் கிளம்பினார். “நாளைக்கு நான் வரமாட்டேன், செக்கப். சாவியை டிராயர்ல வச்சிருக்கேன். இருபத்திநாலே போதும், என்ன? அந்த எழுபது-இருநூறை மட்டும் தொட்டுடாதே.”

எழுபது-இருநூறு என்பது உலக்கை மாதிரி ஒரு லென்ஸ். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்து வரும். கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கு அதுதானே வேண்டும்? டவுட்டுக்குத் தலை சுற்றியது. அன்று அம்மாவுக்குப் போன் போட்டு, நிரந்தரம் என்று சொன்னது பொய் என்பது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.



“அம்மா? லைன்ல இருக்கியா? இல்ல கட் ஆயிடுச்சா?”

“இதுலயும் சந்தேகமா? இருக்கேன்டா. பொய் சொன்னதை நான் அப்புறம் பார்த்துக்கறேன். முதல்ல இதைச் சொல்லு, அந்தப் பொண்ணு மொதல்ல என்ன சொல்லிச்சு?”

“எண்பத்தஞ்சு.”

“அது சரியா தப்பா?”

“...சரிதான்.”

“ரெண்டாவது?”

“அதுவும் சரிதான்.”

“அப்புறம் என்னடா? வயித்துப் பிள்ளைக்காரி, ரெண்டு தரம் உனக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கா. நீதான் குதர்க்கம் பண்ணிக் கெடுத்துக்கிட்டே. நீ பொறந்தப்ப உன்னைக் கையில கொடுத்தாங்க, அப்பவே என்னை ஏற இறங்கப் பார்த்தவன்டா நீ. ஒரே ஒரு தரம், அடுத்தவங்க சொன்னதைச் சொன்னபடி செய்டா. எனக்காக.”

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தான். கை தானாக எழுபது-இருநூறின் பக்கம் போனது. அவன் அதை மறு கையால் பிடித்து இழுத்தான். மூளை, ‘கடைசி வரிசைடா, இருட்டுடா’ என்று கூவியது. ‘நீ பேசாதே. ரெண்டு தரம் உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி,’ என்று அதன் வாயை அடைத்தான். இருபத்திநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, வாழ்க்கையில் முதல் முறையாக மனசு லேசாக இருந்தது. ஒருவரை நம்புவது இவ்வளவு சுகமா!

“இன்னைக்கு ஜமாய்ச்சுடுவே தம்பி,” என்றார் டிரைவர் அண்ணன். அதைக்கூட அவன் சந்தேகப்படவில்லை.

திரை உயர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து டவுட்டு பார்த்தான். ஆயிரம் தலைகள் பளிச்சென்று தெரிந்தன. அதற்கப்பால், தபால்தலை அளவுக்கு ஒரு மேடை. அதில் எறும்புகள் நடனமாடின.

எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தான். எறும்பு பெரிய எறும்பானது.

நம்பிக்கையை விடக் கூடாது. அக்கா சொன்னால் அர்த்தம் இருக்கும். கிட்டே போய் எடு என்பதுதான் அர்த்தமாக இருக்க வேண்டும்! டவுட்டு குனிந்து நடு வரிசைக்குப் போனான். ஒரு அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார். தவழ்ந்து முதல் வரிசைக்குப் போனான். ஒரு டீச்சர் குடையால் குத்தினார். வேறு வழியில்லாமல் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், மேடையின் பின்திரையை விலக்கி, லென்ஸை நீட்டினான்.

அருமையாக வந்தது. பிரச்சினை, குழந்தைகள் கேமராவைப் பார்த்துவிட்டன.

முதலில் மரமாக நின்ற பையன் திரும்பிக் கையை ஆட்டினான். பிறகு சூரியன் திரும்பியது. நான்கு முயல்களும் ஒரு மேகமும் திரும்பி, வரிசையாக நின்று, பல்லைக் காட்டின. பரிசு வாங்க வந்தவர்கள் தலைமை ஆசிரியைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆயிரம் பெற்றோர் ஆயிரம் போனில் தங்கள் பிள்ளைகளின் முதுகைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரது திரைக்குப் பின்னாடி?” என்று தலைமை ஆசிரியை மைக்கிலேயே கேட்டார். மைக் அணைக்கப்படாததால், அதற்குப் பிறகு அவர் கேட்டதும் எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி ‘மூணு போச்சு’ என்று சொல்லவில்லை. கேமராவை மட்டும் இரண்டு கைகளாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் அர்த்தம் குளிர்கிடங்குதான்.

கிடங்கில் இறக்கிவிடச் சொல்லி வேனில் ஏறிய டவுட்டு கொதித்துக்கொண்டிருந்தான். “பார்த்தீங்களாண்ணே! வாழ்க்கையில ஒரே ஒரு தரம் ஒருத்தரை நம்பினேன். அக்கா வாயால சொன்ன அதே லென்ஸ். எழுத்துப் பிசகாம அதையே எடுத்துட்டுப் போனேன். கவுத்துட்டாங்க! என் சந்தேகம் சரிதான். முதல் நாள்லேர்ந்தே சரிதான்!”

டிரைவர் அண்ணன் சாவியைத் திருகிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார்.

“அடப்பாவி, சொன்னதையா எடுத்துட்டுப் போனே? ‘நான் எதைச் சொன்னாலும் நேரெதிராத்தான் செய்யறான், பாவம், கடைசி வேலையாவது உருப்படட்டும்’னு, நேத்து அக்கா உங்கிட்ட வேணும்னே தப்பாச் சொல்லிட்டு வந்தாங்களேடா!”