சோம்புத் தண்ணி குடித்த ஞாயிற்றுக்கிழமை

குடித்தவன் உளறுவான் என்பார்கள். சுத்தப் பொய். குடித்தவன் மிகத் தெளிவாகப் பேசுவான், அதுதான் ஆபத்து. நான் உளறியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, என் அக்காவின் கல்யாணமும் நின்றிருக்காது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. எந்த கன்டெய்னர் எந்த லோரியில் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் நடந்த நடையைப் பார்த்தால் கப்பலே என்னுடையது என்று நினைப்பீர்கள். குடிப்பழக்கம்? அதுவரை ஒரே ஒரு பியர், அதிலும் பாதியைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டேன் (செடி பிழைத்துக்கொண்டது). எங்கள் பெரியப்பா சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் அப்பாவுக்குக் குடி என்றாலே ஆகாது. தாகமெடுத்து 'தண்ணி வேணும்' என்றால்கூட ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

தேவி அக்காவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரன் வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம், வீட்டில் எல்லோரும் மூக்குக்கண்ணாடி. மாப்பிள்ளை குகன் பொறியாளர். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா அவர்கள் வீட்டுப் பேச்சைச் சொல்லிப் பார்ப்பதும் சிரிப்பதும் கேட்கும். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டார் அவர்கள் வீட்டுக்குப் போய், எல்லோரும் சேர்ந்து கோயிலுக்குச் சென்று நாள் குறிப்பதாக ஏற்பாடு. குகன் என்னை மட்டும் மத்தியானமே பங்சாரில் ஒரு ரெஸ்டாரண்டுக்குக் கூப்பிட்டார்.

"பிரதர், பெரியவங்க முன்னால நாம எங்க பேச முடியும்? சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்லா" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு ஒரு கண்ணாடிக் குடுவை வந்தது. உள்ளே ஐஸ் தண்ணீர், பக்கவாட்டில் குட்டிக் குட்டிக் குழாய்கள். கூடவே இரண்டு கிளாஸில் பச்சையாக ஏதோ. கிளாஸின் மேல் ஜல்லிக்கரண்டி மாதிரி ஓட்டை போட்ட ஒரு கரண்டி, அதன்மேல் ஒரு சர்க்கரைக் கட்டி.

"அப்சிந்த். குடிச்சிருக்கீங்களா?"

"ஓ, நிறைய தடவை" என்றேன். (பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன்.)

"வீட்டுல தெரியாது, பிரதர். எப்பவாவது ஒண்ணு. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். கல்யாணத்துக்கு முன்னால நானே தேவிகிட்ட சொல்லிடணும்னு இருக்கேன். உங்கள நம்பித்தான் சொல்றேன்."

"என்ன அண்ணே நீங்க, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

குழாயைத் திறந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு இறங்க, பச்சை மெல்ல மெல்ல அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. வாயில் வைத்தால், அட, சோம்பு! சின்ன வயதில் வயிற்றுவலிக்கு அம்மா கொதிக்கவைத்துக் கொடுத்த அதே சோம்புத் தண்ணி. இதற்கா இவ்வளவு அலங்காரம் என்று சிரிப்பு வந்தது. பிரியாணி சாப்பிட்ட வயிற்றுக்கு நல்லதுதானே என்று இன்னொன்று வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. குகன் முதல் கிளாஸோடு நிறுத்திக்கொண்டார்.

"மெதுவா, பிரதர். இது ரொம்ப ஸ்ட்ராங்."

"சோம்பு உடம்புக்கு நல்லது அண்ணே" என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

நடுவில் அம்மா போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன்மா" என்று உண்மையையே சொன்னேன். "நிறைய குடி, வெயிலா இருக்கு" என்று அம்மா வைத்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது நான் மிகவும் நிதானமாக இருந்தேன் என்றுதான் நம்பினேன். தரைதான் சற்றுச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. அக்கா மயில் நீலப் புடவையில் இருந்தாள். குகனின் அம்மா அருகில் வந்து, "பெருஞ்சீரக வாசம் வருகுது. சாப்பிட்டிட்டுச் சப்பினியளோ?" என்றார். நாங்கள் சோம்பு என்பதை அவர்கள் பெருஞ்சீரகம் என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். உலகத்திலேயே வாசனை காட்டிக்கொடுக்காத ஒரு மதுவை நான் குடித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கோயிலுக்குக் கிளம்பும் நேரம் வந்தது. குகனின் அம்மா என்னைப் பார்த்து அன்பாகக் கேட்டார்.

"தம்பி, வெளிக்கிட்டிட்டியளோ?"

அவர்கள் பேச்சில் அதற்குப் புறப்படத் தயாராகிவிட்டீர்களா என்று பொருள். எங்கள் பேச்சில் வெளிக்குப் போவது என்றால் காலைக்கடன். சாதாரண நாளாக இருந்தால் ஒரு நொடி யோசித்திருப்பேன். சோம்பு யோசிக்க விடவில்லை.

"காலையிலேயே ஆச்சு ஆன்டி" என்றேன், கூடம் முழுவதும் கேட்கும்படி. "இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா ரொம்ப தேங்க்ஸ். எங்க வீட்டுல யாரும் இவ்வளவு அக்கறையா கேட்டதே இல்ல."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் குகனின் அம்மாதான் முதலில் சிரித்தார். "ஐயோ தம்பி, நான் கோயிலுக்கு வெளிக்கிடுறதைக் கேட்டனான்!" உடனே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அப்பாகூடச் சிரித்தார். காரியம் கெடவில்லை, இரண்டு குடும்பமும் அந்த ஒரு சிரிப்பில் ஒன்றாகிவிட்டது என்றே சொல்லலாம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தனை பேரும் நான் குடித்திருப்பதாக நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"யாரும் தப்பா நினைக்காதீங்க. நான் குடிக்கல. அது வெறும் சோம்புத் தண்ணி. குகன் அண்ணன்தான் வாங்கிக் குடுத்தாரு. வேணும்னா அவரையே கேளுங்க, அவரு அடிக்கடி குடிக்கிறாரு, ஒண்ணும் ஆகல!"

குடித்தாயா என்று என்னை யாருமே கேட்கவில்லை. 'எப்பவாவது' என்று அவர் சொன்னதை 'அடிக்கடி' ஆக்கியதும் நான்தான்.

குகனின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "குகன், தம்பி சொல்லுறது உண்மையோ?"

மறுத்திருக்கலாம். பையன் வேறெங்கோ குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். என் நிலைமை அப்படி. ஆனால் அவர் நிமிர்ந்து நின்று, "ஓம் அப்பா" என்றார். 'அடிக்கடி' என்றதைக்கூடத் திருத்தவில்லை.

என் அப்பா எழுந்தார். "மன்னிச்சிருங்க. குடிக்கிறவருக்கு நான் பொண்ணு குடுக்கறதில்ல."

கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரைப் பொறுத்தவரை குகன்தான் என்னைக் கெடுத்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா மோர் கரைத்துக் கொடுத்தார். மூன்று கிளாஸ் குடித்தவனுக்கு மோர், ஒரு கிளாஸ் குடித்தவருக்குத் தண்டனை. காரில் அக்கா ஒரே ஒருமுறை பேசினாள். "அங்க கேட்டதும் உண்மையச் சொன்னது அவர் ஒருத்தர்தான்பா." நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். நானாகத்தான் கேட்டுக் கேட்டுக் குடித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்ற பயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாந்தி எடுத்தாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் குகனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'பரவாயில்லை பிரதர். தேவியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அதற்கு நான் பதில் அனுப்பவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது.

பிறகு அக்காவுக்கு ரவாங்கில் கல்யாணமானது. மாமா தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. காலப்போக்கில் அவரிடமும் கதை போய்ச் சேர்ந்தது (யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நான் இல்லை), காரியத்தைக் கெடுத்த பாதியை விட்டுவிட்டு, ஆன்டிக்கு நான் நன்றி சொன்ன பாதி மட்டும். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும், கார் கதவு திறந்ததும் யாராவது என்னைப் பார்த்து "என்ன, வெளிக்கிட்டாச்சா?" என்று கேட்காமல் வண்டி நகராது. பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன்.

போன மாதம் போர்ட் கிள்ளானில் நண்டு சாப்பிட எல்லோரையும் அழைத்திருந்தேன். அக்கா ரவாங்கிலிருந்து போன் செய்தாள்.

"தம்பி, நாங்க வெளிக்கிட்டோம். வந்துக்கிட்டே இருக்கோம்."

பக்கத்தில் மாமா வெடித்துச் சிரிப்பது கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. "இப்ப என்ன ஜோக்?" என்று அவரிடம் கேட்டாள். தான் சொன்ன சொல் அவளுக்கு நிஜமாகவே உறைக்கவில்லை. அவள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் புறப்படுவது என்று மட்டும்தான் பொருள்.