எங்கள் வீட்டில் யாரும் தப்பாகப் பேசுவதில்லை

பள்ளியில் சேர்ப்பதற்குக் குழந்தை வேண்டும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. இப்போது பெற்றோர் இருந்தால் போதும். எங்கள் தெருமுனைப் பள்ளியில் நேர்காணல் பெற்றோருக்குத்தான். குழந்தை உடன் வரலாம், ஆட்சேபணை இல்லை.

உள்ளே என்ன நடக்கும் என்பது விண்ணப்பம் வாங்க வாசலில் காத்து நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாவது வீட்டுப் பல் டாக்டரின் குழந்தைக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் உள்ளே போய், தன் மகளைப் பற்றி ‘ஷி ஸ்பீக்’ என்று சொல்லிவிட்டாராம். ‘ஸ்பீக்ஸ்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கியபோது கேட்க ஆளில்லை; ஒரே ஒரு எஸ்ஸைப் பிடுங்கியதும் மாட்டிக்கொண்டார்.

கேட்ட அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் கான்வென்ட்டில் படித்தவள். என் பயத்துக்கு அதுவே முழு விளக்கம். எங்கள் சிஸ்டர் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. தப்பான வாக்கியம் காதில் விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வாக்கியம் சரியாகும்வரை திறக்க மாட்டார். இன்றைக்கும் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கேயோ இரண்டு கண்கள் மூடிக்கொள்வதுபோல் இருக்கும்.

ஆனால் நேர்காணலுக்கு நான் மட்டும் போனால் ஆகாதாம், கணவரும் வரவேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாழ்க்கையில் அதிகம் கேட்ட இங்கிலீஷ், லிஃப்டுக்குள் பதிவுசெய்து வைத்திருக்கும் பெண்குரல்தான். ‘டோர்ஸ் ஓப்பனிங்’, ‘டோர்ஸ் குளோசிங்.’ வினைச்சொல் விஷயத்தில் அந்த அம்மாளும் அவ்வளவு கண்டிப்பானவராகத் தெரியவில்லை.

அவரைவிடப் பெரிய கவலை மகள். மூன்று வயது. அப்பா அவளைக் கூப்பிடுவது வாயாடி என்று. கண் விழித்ததும் ஆரம்பித்தால், தூக்கம் வந்து அமுக்கினால்தான் ஓய்வாள். குளியலறைச் சுவரில் குடியிருக்கும் பல்லியின்மேல் அவளுக்கு அபார மரியாதை. “பல்லி வந்தாங்க, சாப்டீங்களா பல்லி?” என்று விசாரிப்பாள். வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிற தகப்பனைப் பார்த்தால் மட்டும், “அப்பா வந்துச்சு.”

ஆகவே குடும்ப நலன் கருதி ஓர் ஆணை பிறப்பித்தேன். இதனால் வீட்டிலுள்ள சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மறு உத்தரவு வரும்வரை இவ்வில்லத்தின் பேச்சுமொழி இங்கிலீஷ். எழுவாயும் பயனிலையும் இசையாத எந்த வாக்கியமும் எவர் வாயிலிருந்தும் வெளியேற அனுமதி இல்லை.

ஆணை என்றால் நடைமுறையும் வேண்டுமே. பேசுவதற்கு முன் கையைத் தூக்க வேண்டும். காரியத்தைச் செய்வது ஓர் ஆள் என்றால் ஒரு விரல், பல பேர் என்றால் ஐந்து விரல். ஒரு விரலுக்கு வினைச்சொல்லின் வாலில் எஸ் உண்டு, ஐந்து விரலுக்குக் கிடையாது. சந்தேகம் இருந்தால் கையை இறக்கிவிட்டுச் சும்மா இருக்கலாம். அது பிழையாகக் கருதப்படாது.

கடைசி விதியைப் பெருந்தன்மையோடு சேர்த்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

கணவர் கிரீஸ் படிந்த ஒரு விரலைத் தூக்கி, “ஐ கோஸ்” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏன், நான் ஒரு ஆள்தானே?”

“‘ஐ’க்கு எஸ் கிடையாதுங்க. விதிவிலக்கு.”

“சரி, உனக்கு?”

“எனக்கும் கிடையாது. ‘யூ’வும் விதிவிலக்கு.”

“அப்ப யாருக்குத்தான் குடுக்கறாங்க?”

“அவன், அவள், அது. இவங்களுக்கு.”

அவர் விரலைப் பார்த்தபடியே சற்று யோசித்தார். “எதிரெதிர உக்காந்திருக்கிற ரெண்டு பேருக்கும் இல்ல. இங்க இல்லாத ஆளுக்குத்தான் எஸ்ஸு. புறம் பேசறதுக்குன்னே கண்டுபிடிச்ச பாஷையா இருக்கும்போலயே.”

இதை ஆணையை அவமதித்த செயலாகக் கருதி அன்று மாலை முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. கோபத்தில் அவரும் பேசவில்லை. படுக்கப் போகும்போது கணக்குப் பார்த்தால், அன்று மாலை வீட்டில் ஒரு பிழைகூட நிகழ்ந்திருக்கவில்லை. எனக்குப் பாதை தெளிவாகிவிட்டது. நேர்காணலில் அவர் பேச வேண்டாம், சிரித்தால் போதும் என்று முடிவாயிற்று. எப்போது சிரிக்க வேண்டும் என்று கேட்டார். கேள்வி கேட்கிற மேடம் சிரிக்கும்போது என்றேன். மேடம் சிரிக்காவிட்டால் என்று கேட்டார். அந்த நிலைமைக்கு நான் விதி எழுதியிருக்கவில்லை.

மகள் ஜன்னலில் பூனையைப் பார்த்துவிட்டு, விரலைத் தூக்க மறந்து, “கேட் கம்” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அம்மா, தூங்கறியா?” என்று கேட்டாள். அது தமிழ். ஆகவே நான் திறக்கவில்லை.

அடுத்த முறை பூனை வந்தபோது அவள் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அதற்கடுத்த முறை ஒரு விரலைத் தூக்கினாள், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மெதுவாக மடக்கிக்கொண்டாள். பூனை போய்விட்டது. வீட்டில் பிழைகள் வேகமாகக் குறைந்துவந்தன. நான் பெருமைப்பட்டேன் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

“வாயாடி இன்னைக்கு வாயே திறக்கலியே” என்றார் அவள் அப்பா.

“தப்பும் வரலியே.”

“தப்பு வரல. வாயாடியும் வரல” என்றார்.

நேர்காணல் நாளும் வந்தது. எங்களை விசாரித்தவர் இல்லமொழி ஒருங்கிணைப்பாளர். அப்படி ஒரு பதவி இருப்பது, கதவில் திருகி வைத்திருந்த பித்தளைப் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அறை சில்லென்று இருந்தது. மூன்று நாற்காலியில் மூன்று பேரும் கை கட்டி உட்கார்ந்தோம். மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கணீரென்று கேட்டார்: “வாட் டூ யுவர் டாட்டர் லைக்ஸ்?”

எஸ் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல், இருக்கக்கூடாத இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. என் கண்கள் தாமாக மூடப்பார்த்தன. அவற்றைப் பலவந்தமாகத் திறந்து பிடித்துக்கொண்டேன். இப்போது நான் சரியாகப் பதில் சொன்னால், மேடம் தப்பாகக் கேட்டார் என்று ஆகிவிடும். பதினான்கு வருஷப் படிப்பை ஒரு நொடி எடை போட்டுப் பார்த்துவிட்டு, “ஷி லைக் புக்ஸ், மேடம்” என்றேன்.

மேடம் சிரித்தார். உத்தரவுப்படி என் கணவரும் சிரித்தார். எழுவாய் பயனிலையோடு இசைவது இரண்டாம்பட்சம். மனு கொடுத்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு இசைவதுதான் மூத்த இலக்கணம். சிஸ்டர் இதைச் சொல்லித்தரவில்லை. ஆனால் பிஷப் வரும் நாட்களில் அவர் கண்கள் எப்போதும் திறந்தே இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

பிறகு மேடம் குழந்தையிடம் பெயரைக் கேட்டார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

“என்ன ஒரு அடக்கம்” என்றார் மேடம், தமிழில். “மத்த பிள்ளைங்க வந்தா தமிழ்ல கத்தும். இவ வந்ததிலேர்ந்து ஒரு தப்புகூடப் பண்ணல.”

இடம் கிடைத்துவிட்டது. தெருவே வந்து விசாரித்தது. பல் டாக்டரின் மனைவி, விரல் முறையைத் தனக்கும் கற்றுத்தரும்படி கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரங்களில் எங்கள் தெருவில் பெற்றோர்கள் விரலைத் தூக்கிக்கொண்டு நடமாடுவதும், பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு விளையாடுவதும் சகஜமாயிற்று. பொதுவாக நாகரிகம் பரவியது என்றே சொல்ல வேண்டும்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் மேடம் எங்களை மறுபடி கூப்பிட்டார். இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் வகுப்பில் பேசுவதே இல்லையாம், எங்கள் மகள் அதில் முதலாவதாம். வெளிநாட்டில் இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றார். தாய்மொழி நேரம் என்று பெயர். தினமும் மாலையில் வீட்டில் தாய்மொழியில் இயல்பாகப் பேச வேண்டும்.

“இயல்பாவா, மேடம்?” என்று கேட்டேன்.

“கண்டிப்பா இயல்பாத்தான் பேசணும். எங்க பள்ளியில இது இப்ப கட்டாயம்.”

அன்று மாலை நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேச ஆரம்பித்தோம். வெயில் அதிகம் என்று நான் சொன்னேன். ஆமாம் அதிகம் என்று அவர் ஆமோதித்தார். அதற்குமேல் இருவருக்கும் ஓடவில்லை. மகள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பழக்க தோஷத்தில் ஒரு விரலைத் தூக்கிவிட்டார். அவள் சட்டென்று என் கண்களைப் பார்த்தாள்.

கொஞ்சம் கழித்து எழுந்து குளியலறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து பின்னால் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. பழைய குரல், பழைய வேகம். ஸ்கூல் பஸ்ஸில் யார் யாரைக் கிள்ளினார்கள், மேடத்தின் கண்ணாடி எப்படி வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வருகிறது, அப்பா விரலைத் தூக்கினால் எப்படி இருக்கும், எல்லாம் ஒரே மூச்சில் பல்லிக்குப் போய்க்கொண்டிருந்தது. இடையிடையே சிரிப்பு வேறு. குழந்தை பேசுகிறாள், அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பியபோது கால் பட்டுப் பக்கெட் உருண்டது.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு, மிக மெல்லிய குரலில், மிக மரியாதையாக, அவள் பல்லியை எச்சரித்தாள்:

“பேசாதீங்க. அம்மா வர்றாங்க.”

வெளியே நின்றபடி அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எழுவாய் சரி, பயனிலை சரி, மரியாதை சரி. ஒரு பிழைகூட இல்லை.