நாலு பாஷைக் கயிறு

"இழு! எளி! லாகு! புல்!" என்று ரூபேஷ் நாலு பாஷையிலும் ஒரே மூச்சில் கத்தினான்.

முதல் சத்தத்துக்கு ஷில்பா இழுத்தாள். அவள் ஓய்ந்தபோது கிரண் இழுத்தான். அப்புறம் விநாயக், கடைசியாக எலைன். கயிற்றின் மறுமுனையில் இருந்த வேப்பமரம் சிரிக்காத குறைதான்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் இளைஞர் சங்கக் கயிறு இழுக்கும் அணிக்கு இந்த வருஷம் ரூபேஷ் கேப்டன். கேப்டன் கயிற்றைத் தொடக்கூடாது, கத்தலாம். அவன் வேலை பார்க்கும் பெங்களூரு கம்பெனியில் தலைமைப் பயிற்சி என்று ஒன்று நடத்தி, அணியில் ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் மதிக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஷில்பா வீட்டில் தமிழ், கிரண் வீட்டில் கன்னடம், விநாயக் வீட்டில் தெலுங்கு, எலைன் வீட்டில் இங்கிலீஷ். நாலு பேருக்கும் நாலு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

அப்பா கோவிந்தன் வேறு காலையில் கிளம்பும்போதே கேட்டிருந்தார். "உன் பேச்சை நம்ம வூட்டுப் பூனை கூட கேக்காது. நாலு பேரு இன்னாத்துக்குடா கேப்பாங்க?"

சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு அவர் கண் முன்னால் நாலு பேர் தன் சொல் கேட்டு ஜெயித்தே ஆகவேண்டும்.

"ஒரே பாஷைல சொல்லு மேன்," என்றாள் எலைன். "கன்னடத்துல சொல்லு, கிரணுக்கு ஈஸி."

"எனக்காக வேணாம். தெலுங்குல சொல்லு, விநாயக் புதுசா சேந்தவன்," என்றான் கிரண்.

"ஐயோ, முன்னாடி நிக்கிறது ஷில்பா. தமிழ்லயே சொல்லுப்பா," என்றான் விநாயக்.

"நான் இன்னா கேட்டனா? எலைன் மூஞ்சி வாடிப்போவும்," என்றாள் ஷில்பா.

விட்டுக்கொடுப்பதில் நாலு பேரும் அடிதடிக்கே போய்விடுவார்கள் போலிருந்தது. ரூபேஷ் ஒரு சட்டம் போட்டான்.

"நாலு பாஷைலயும் சொல்லுவேன். நாலாவது காதுல வுழற வரைக்கும் யாரும் எதுவும் செய்யக்கூடாது. அப்புறம் எல்லாரும் ஒண்ணா."

மரத்திடம் இந்தச் சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. மரம் எதிர்த்து இழுக்காது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மாலையில் பக்கத்துப் பாலகாட் மைதானத்தில் போட்டி. எதிரணியில் ஃப்ரெடியும் இன்னும் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். விசில் ஒலித்தது. "இழு!" என்றான் ரூபேஷ். எதிரணி இழுத்தது. அவன் மூச்சு வாங்கி 'புல்'லுக்கு வருவதற்குள் ஊரிகம் அணி ரெண்டடி போயிருந்தது.

சரி, வேகமாகச் சொல்வோம் என்று வேகமாகச் சொன்னான். நாக்கு குழறியது. வந்தது மூன்றாவதா நாலாவதா என்று அவன் அணி எண்ணிக்கொண்டே இன்னும் ரெண்டடி நகர்ந்தது. கூட்டத்தில் கோவிந்தன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போது ஷில்பா சறுக்கி விழுந்தாள். முட்டி தேயத் தேய, கயிற்றை விடாமல் இழுபட்டாள். கோட்டுக்கு ஒரு முழம்தான் பாக்கி. ரூபேஷுக்கு அழுகை வந்துவிட்டது. கப்பாவது ஒன்றாவது! அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

"விடு!" என்று அடிவயிற்றிலிருந்து அலறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மற்ற மூன்று பாஷையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

கண்ணைத் திறந்தால், அவன் அணி மல்லாந்து கிடந்தது. மொத்தக் கயிறும் அவர்கள் பக்கம்!

"எப்டி இழுத்தீங்க?" என்று ஓடினான்.

"நாங்க எங்க இழுத்தோம்?" என்றாள் ஷில்பா, முட்டியை ஊதியபடி. "நீ விடுன்னே. மீதி மூணு பாஷை வரல. சட்டப்படி புடிச்சிகினே இருந்தோம்."

கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகனைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "உன் பேச்சைக் கேக்கவும் நாலு பேரு இருக்காங்கடா!"

பின்னாலேயே ஃப்ரெடி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அந்த நாலு பேரு நாங்கதான் அங்கிள்! எங்க கேப்டனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, மொதல்லேர்ந்து உங்க பையன் சத்தத்துக்குத்தான் இழுத்தோம்; வுடுன்னான், வுட்டுட்டோம்!"