அறுபதுக்கு ஒன்று குறைவு

பக்கவாதம் வந்து நாலு மாதம், ஒன்பது நாள். அன்று ஒரு முடிவெடுத்தேன். இனி என் வலது கைக்கு வேலை கொடுப்பதில்லை.

எல்லாம் துணி கிளிப்பால் வந்த வினை. பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்டிப்பானவள். நல்ல கையைத் தடித்த உறைக்குள் அடைத்துவிட்டு, வலது கையால் அறுபது கிளிப்பை ஒவ்வொன்றாக ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டுமாம். ஒரு கிளிப் வாளிக்குப் போவதற்குள் பதினெட்டு தரம் நழுவும். எண்ணித்தான் சொல்கிறேன்.

நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. என் சட்டைப் பொத்தானை நானே மாட்ட வேண்டும், அவ்வளவுதான். யாராவது வீட்டுக்கு வந்தால் மனைவி ஓடி வந்து என் பொத்தானை மாட்டுவாள். வந்தவர் சுவரைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். அந்தக் கூச்சத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டேன்.

மனைவி சமையலறைக்குள் போனாள். பல்லால் உறையை உருவினேன். நல்ல கையால் வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தேன். உறைக்குள் கையை நுழைத்துக்கொண்டேன்.

"அறுபதும் முடிஞ்சுது!"

மனைவி வந்து வாளியைக் கிளறினாள். "ஐம்பத்தொம்பதுதாங்க இருக்கு."

"அறுபது!"

"சரி விடுங்க. உடம்பு இப்படி இருக்கறப்போ கணக்கு தப்பறது சகஜந்தானே."

முப்பத்தோரு வருஷம் கிடங்கில் சரக்கு எண்ணியவன் நான். கை படாமல் எதையும் எண்ணியதில்லை. அன்றுதான் முதல் தடவையாக எண்ணாமலே ஒரு எண்ணைச் சொன்னேன். சுருக்கென்றது.

"எண்ணிக் காட்டட்டுமா?"

"உறையக் கழட்டாம காட்டுங்க." எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி பத்து நிமிடம் எண்ணினேன். ஐம்பத்தொன்பது!

மறுநாள் அறுபத்தொன்று. அதற்கு மறுநாள் ஐம்பத்தெட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், சந்தேகத்துக்கு இன்னொரு தரம். ஏமாற்ற எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு மணிக்கு மேல் ஆன வேலை நாற்பது நிமிடமாகக் குறைந்தது. பிறகு பத்தொன்பது.

இருபத்தாறாம் நாள் அவள் குனிந்து வாளியை வைத்தபோது பார்த்துவிட்டேன். கொண்டையில் ஒரு மஞ்சள் கிளிப்!

"அடி திருடி!" வெடுக்கென்று பிடுங்கினேன். "நீதானா இத்தனை நாளும் கூட்டிக் குறைச்சது?"

அவள் கிளிப்பைப் பார்க்கவில்லை.

"எந்தக் கையாலங்க எடுத்தீங்க?"

பார்த்தேன். வலது கை. இரண்டு விரலுக்கு நடுவில், நழுவாமல்.

"இனிமே உன் பாச்சா என்கிட்ட பலிக்காது," என்றேன்.

"பலிக்க வேண்டாம். வாங்க, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வருவோம். அந்த நீலச் சட்டையப் போட்டுக்குங்க. அதுக்கு ஆறு பொத்தான்தானே?"

"ஏழு!"

"ஆறுதாங்க."

உறையைக் கழற்றி எறிந்தேன். அவள் தந்திரம் தெரிந்தேதான் கண்ணாடி முன் நின்றேன். ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறும் நானே மாட்டியது.

ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் கத்தரியால் வெட்டிய நூல் தொங்கியது.