வியாபாரிச் சீட்டு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கும் நாளில், மெர்டேக்கா அன்று, கோலாலம்பூரில் நின்றே தீருவது என்று சேதுபதி முடிவு கட்டிவிட்டார். மச்சான் தம்பிராஜாவின் லாரியில் சேதுபதி வீட்டுக்கென்று ஒரே ஓர் இடம். மனைவி கமலவேணிக்கும் ஆசைதான். பிள்ளைகள் மூன்றையும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு அவள் வாயை அடைத்தார். மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை போட்டு, தொண்டை கிழியப் பேரம் பேசியே ஆளானவர். வீட்டில் தோற்பாரா?

அந்த ஆகஸ்டில், அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் தினமும் சாயங்கால மழை. இப்போது நினைத்தாலும் சேதுபதிக்குத் தகரக் கூரைச் சத்தமும், மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனையும்தான் முதலில் வருகின்றன. மழைக்கு ஒதுங்கும் தம்பிராஜா, தானே அட்டையில் கட்டம் கட்டி உண்டாக்கிய ஆட்டத்தை விரிப்பார். சோழி உருட்டி யானை, குதிரை, கோட்டை பிடிக்க வேண்டும். ராஜா, திருடன், வைத்தியர், வியாபாரி என்று சீட்டுகள் உண்டு. வந்த வேஷமாகவே பேச வேண்டும்; வேஷத்துக்கு ஒரு வரம். ராஜாவாக வந்தாலும் சேதுபதி பேரம்தான் பேசுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

லாரி புறப்பட மூன்று நாள் இருக்கையில் அவருக்கு வியாபாரிச் சீட்டு வந்தது. தன்னிடம் உள்ளதைக் கொடுத்து அடுத்தவரிடம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், மறுக்கக் கூடாது என்பது அதன் வரம். ஆட்டத்தில் அவரிடம் ஒரு குதிரைகூட இல்லை. சட்டைப் பையைத் துழாவி ஒரு கொட்டைப் பாக்கை எடுத்துக் கமலவேணி முன் வைத்தார். அவளுடைய யானையை இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அட்டையில உள்ளதைத்தான் மாத்தலாம்," என்றார் தம்பிராஜா.

சேதுபதிக்கு மூக்கு சிவந்தது. "அப்படின்னு சீட்டுல எழுதியிருக்கா மச்சான்? தன்னிடம் உள்ளதுன்னா எல்லாந்தான். பை, கடை, வீடு, எல்லாம்."

அரை மணி நேரம் கத்தினார். தம்பிராஜா சலித்துப்போய், அதையே சட்டமாகச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தார். கமலவேணி பாக்கை வாயில் போட்டு மென்றாள்.

மறுநாள் ஆட்டத்தில் அந்தச் சீட்டு அவளுக்கு வந்தது.

"வாங்க முதலாளி, ஒரசிப் பாருங்க, அசல் சரக்கு," என்று கணவரின் கடைக் குரலிலேயே தொடங்கினாள். "மூணு பிள்ளைங்க, ஒரு அடுப்பு, ரெண்டு நாளைக்கு. நீங்க வச்சுக்குங்க. லாரியில உங்க இடத்தை நான் எடுத்துக்கிறேன்."

சேதுபதி மச்சானைப் பார்த்தார். மச்சான் சீட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். பேரம் முடிந்தால் முடிந்ததுதான் என்று இருபது வருஷமாகக் கடையில் முழங்கியவர், எந்த வாயால் மாற்றிப் பேசுவது?

முப்பத்தோராம் தேதி காலை, பக்கத்து வீட்டு ரேடியோ ஏழு முறை "மெர்டேக்கா" என்று அதிர்ந்தது. சேதுபதி கண்ணில் புகையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். மூத்தவள் சீதா அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மெர்டேக்கான்னா என்னப்பா?"

"வந்ததும் உங்கம்மாகிட்டக் கேளு," என்றார் சேதுபதி. "அவளுக்குத்தான் கிடைச்சிருக்கு."