கறுப்புக் கம்பும் சலீம் கொண்டுபோன ஆக்ஸாவும்

அச்சன்புதூர்
சனிக்கிழமை

அருமை மகன் பாரூக்குக்கு உம்மா ஜாஹிரா பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தையும், துபாயில் நீ தண்ணீர் பாய்ச்சும் கோல்ஃப் புல்லின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, வைக்கட்டா" என்பாய். கடிதத்தில் அது முடியாது. மருமகள் மிஸ்ரியா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

லீவில் வந்த முஃபீத் கையில் நீ கொடுத்துவிட்ட ஏழு கோல்ஃப் கம்பும் வந்தன. எந்த வெள்ளைக்காரன் வளர்த்திக்குச் செய்ததோ, உன் மகள் ஹஸீபா பிடித்து நின்றால் கைப்பிடி வயிற்றில் குத்துகிறது. "இப்படியே கொண்டாந்தா கொடைக்கானல் செலக்‌ஷனுக்குப் பேர் குடுக்க மாட்டேன்" என்று லோகநாயகி டீச்சர் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலையில் வண்டி. பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. நீ போனில் சொன்னதை நான் ஒரு சொல் மறக்கவில்லை: கைப்பிடி ரப்பரைக் கழற்றி, அந்த முனையில்தான் ரெண்டு அங்குலம் வெட்ட வேண்டும், இரும்புக் கம்புக்கு பைப் கட்டர் போதும், கறுப்புக் கம்பு கார்பனாம், கட்டர் பட்டால் நார் நாராகப் பிளந்துவிடும், அதற்கு டேப் சுற்றி, பல் நெருக்கமான ஆக்ஸா ரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். இதையெல்லாம் பைப் வேலை பார்க்கும் நல்லகண்ணுவிடம் சொன்னேன். அவன் கேட்டானா? "மம்பட்டிக் கம்ப நாங்க தலைப்பக்கந்தான் வெட்டுவோம், ஆச்சி" என்று முதல் கம்பின் தலையை எடுத்துவிட்டான். தலை இப்போது கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. மற்ற ஐந்து இரும்புக் கம்பையும் நான் பக்கத்தில் நின்று ஒழுங்காக வெட்டவைத்தேன். கறுப்புக் கம்பிலும் கட்டரை மாட்டப்போனான். "அதத் தொட்டா ஒன் கைய எடுத்துருவேன்" என்றேன். போய்விட்டான்.

ஆக்ஸாவுக்கு எங்கே போவேன்? உன் வாப்பா செங்கோட்டையில் வாங்கிய ஆக்ஸாவை உன் சாச்சா சலீம் கொண்டுபோனது 2007இல், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய புதன்கிழமை, அசர் பாங்கு சொல்லி முடித்த நேரம். டி.வி. ஆன்டெனா பைப்பை வெட்ட. அன்றோடு அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. "கடையில வாங்குவோமே, வாப்பும்மா" என்று ஹஸீபா கெஞ்சினாள். நம் வீட்டுப் பொருள் அங்கே இருக்க, நாம் ஏன் வாங்க வேண்டும்? ஆனாலும் வியாழக்கிழமை பிள்ளை அழுத அழுகையில் செருப்பை மாட்டினேன்.

"சலீமு, எங்க ஆக்ஸா எங்க?"

"உள்ள வாங்க மைனி. பதினெட்டு வருஷங்கழிச்சு வந்திருக்கிய, ஒரு வாய் தண்ணி குடிங்க."

"தண்ணி எங்க வீட்லயும் வருது. ஆக்ஸாதான் வரல."

"மறுநாளே கொண்டாந்து தந்துட்டேனே!"

"யார் கையில?"

"அண்ணன் கையில."

"மவுத்தாகி மண்ணுக்குள்ள போனவர சாட்சிக்குக் கூப்பிடுத, பாரு."

அவன் தென்காசிக்குப் போய் அங்குலத்துக்கு முப்பத்திரண்டு பல் உள்ள ஆக்ஸா ஒன்று புதிதாக வாங்கி, நேற்று ஜும்மா முடிந்து வந்தான். டேப் சுற்றினான், நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன், முக்கால் மணி நேரம் உருட்டி உருட்டி அறுத்தான். ஒரு நார் பிரியவில்லை. வேலை சுத்தம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் திருப்பித் தந்தவன் எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்? அதிலேயே தெரிந்துவிட்டது.

காலையில் பிள்ளை ஆறு கம்போடு வண்டி ஏறிவிட்டாள். ஐந்து வேளையும் உனக்குத் துஆ செய்கிறேன். வெயிலில் தொப்பி போடு. எல்லாருக்கும் அத்தர் அனுப்பு, சலீமுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் உம்மா

பின்குறிப்பு: ஞாயிறு. ஹஸீபாவை எடுத்துவிட்டார்கள். கறுப்புக் கம்பால் அடித்த அடிதானாம். அந்தத் தலையில்லாக் கம்பைப் பரணில் போடப்போனேன். அங்கே உன் வாப்பாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அந்த ஆக்ஸா இருக்கிறது. சுற்றியிருந்த பேப்பரில் அந்தப் புதனுக்கு மறுநாள் தேதி. பேப்பரை அடுப்பில் போட்டுவிட்டேன். சலீமுக்குப் பெரிய குப்பியாக அத்தர் அனுப்பு. ஏன் என்று கேட்டால் உனக்குத் தெரியாது. உன் கல்யாணப் பந்தியில் எனக்குத் தாளிச்சா ஊற்றாமல் தாண்டிப் போனானே, அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.