உடும்பை உள்ளே சேர்த்த கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் காட்டில் சிங்கம் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அது இருந்த குகையில் பல்கலைக்கழகம் வைத்துவிட்டார்கள். வாசலில் கிடந்த எலும்புகளை அள்ளிப் போட்டுவிட்டு, வெள்ளையடித்து, மேலே வளைவு கட்டிப் பெயர் எழுதினார்கள். உள்ளே போனவர்கள் முழுசாகத் திரும்பி வருவது முன்பும் அபூர்வம், இப்போதும் அபூர்வம்தான்.

அந்த வாசலுக்கு நேர் எதிரே ஒரு கரையான் புற்று. அதற்குள் பொன்னுரங்கம் என்ற கிழட்டு உடும்பு குடியிருந்தது. உடும்பின் பிடி எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற உடும்புகள் பாறையைப் பிடிக்கும், மரத்தைப் பிடிக்கும். பொன்னுரங்கம் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய கோபத்தை.

வாலிபத்தில் அது பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கப் போயிருந்தது. நேர்முகத் தேர்வில் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது.

"பேர் என்ன?" என்று மயில் கேட்டது.

புது இடத்துக்குப் போனால் உடும்பு நாக்கை நீட்டித்தான் வாசம் பார்க்கும். மூக்கு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அதற்கு நாக்குதான் செய்கிறது. பெயரைச் சொல்வதற்கு முன்னால் பொன்னுரங்கம் வழக்கம்போல நாக்கை நீட்டியது. நீளமான நாக்கு, நுனியில் இரண்டாகப் பிளந்தது.

"எனக்கே பழிப்புக் காட்டுறியா?" என்று மயில் தோகையை விரித்துக்கொண்டு எழுந்தது. அடுத்த நிமிடம் பொன்னுரங்கம் வாசலுக்கு வெளியே புழுதியில் கிடந்தது. பெயரைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

அன்றைக்கே எதிர்ப்புற்றில் குடியேறிவிட்டது. மயில் படிப்படியாக உயர்ந்து துணைவேந்தர் ஆனது. பொன்னுரங்கம் உயரவில்லை, புற்றுதான் கொஞ்சம் உயர்ந்தது. தினமும் காலையில் மயில் வாசலுக்குள் நுழையும்போது பொன்னுரங்கம் புற்றின் உச்சியில் ஏறி நிற்கும். அன்று தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்யும். நாக்கை உள்ள நீளம் பூராவும் வெளியே நீட்டும். மயில் ஒரு பார்வை பார்த்துக் கழுத்தை ஆட்டிவிட்டுப் போய்விடும்.

"எரியுது பாரு அவனுக்கு!" என்று சொல்லிக்கொண்டே பொன்னுரங்கம் இறங்கிப் போய்த் தூங்கும். அதற்கு வேறு வேலை கிடையாது. தன் வயசுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, அது அந்தக் கோபத்தைத் தூக்கி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒருநாள் புற்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மாமா, உள்ள இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தால், ஒரு முள்ளெலிப் பெண். பெயர் செண்பகவல்லி. எதிர் வாசலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது என்பதால், தனியாக உட்கார்ந்து படித்தே முன்னுக்கு வந்தது.

"அந்தப் பக்கத்து ஆளுங்களோட எனக்குப் பேச்சு கிடையாது" என்றது பொன்னுரங்கம்.

"தெரியும் மாமா. அதனாலதான் வந்தேன்."

செண்பகவல்லி விவரத்தைச் சொன்னது. பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே ஒரு நிதி கொடுக்கப் போகிறதாம். நிதி என்றால் காட்டு வழக்கப்படி தேன்தான். ஆலமரக் கிளையில் மூன்று பானைகள் தொங்குகின்றன. ஒன்று ஆராய்ச்சிக்கு. ஒன்று ஆராய்ச்சி மாணவர்களுக்கு. மூன்றாவது பானை, இதுவரை யாரையெல்லாம் சேர்க்காமல் விட்டார்களோ அவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு.

"மூணையும் ஒரே கயித்துல கட்டிட்டாங்க மாமா. மூணாவது இறங்கினாத்தான் மத்தது இறங்கும். அதனால எல்லா ஆராய்ச்சிக் குழுவும் சேர்க்கப்படாத ஆளைத் தேடி அலையுது. நான் காடு பூரா விசாரிச்சேன். 'ரொம்ப நாளா வெளிய கிடக்கிறது யாரு'ன்னு கேட்டா, எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க."

பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. தன்னை யாராவது எதற்காவது சிபாரிசு செய்தது அதுதான் முதல் தடவை.

"நீ என்னத்தை ஆராயிற?"

"கரையான் புற்று மழையில ஏன் கரையறதில்லைன்னு. நீங்க புற்றுலயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"மழை பெஞ்சா நான் தூங்கிருவேன்."

செண்பகவல்லி பெருமூச்சு விட்டது. "முதல் மழைக்குள்ள அந்தப் பானை கிடைக்கலைன்னா என் படிப்பு போச்சு மாமா. எங்கம்மா முள்ளம்பன்றி மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கு. முள்ளுக்கு முள்ளு பொருத்தம்னு ஜோசியக் கிளி சொல்லிருச்சாம். அந்த ஆளோட ஒரு முள்ளு என் உசரம் இருக்கு."

பொன்னுரங்கம் நினைத்துப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் கோபத்தை விட்டுவிட்டால், மிச்ச ஆயுளை எதை வைத்து ஓட்டுவது?

"அந்த மயில் மேடையில நின்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்படின்னா வர்றேன்."

"கேப்பாரு மாமா. தொடக்க விழாவுல துணைவேந்தர் வருத்தம் தெரிவிப்பார்னு நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்கு. வரவேற்புரைக்கும் தேநீருக்கும் நடுவுல."

பொன்னுரங்கத்தின் நாக்கு தானாக வெளியே வந்தது. "கைநாட்டு எங்க வைக்கணும்?"

"இங்க. உங்க புற்றை ஆராயறதுக்கும் சம்மதம்னு கீழே ஒரு வரி இருக்கு, பரவாயில்லையா?"

"எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றது பொன்னுரங்கம். அதன் மனம் அப்போதே மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நிதிப் பிரிவில் ஓர் ஆந்தை அதிகாரியாக இருந்தது. அலுவலகம் பகலில் மட்டும்தான் நடக்கும், ஆந்தை பகலில் தூங்கும். எனவே வரிசை நகராது. செண்பகவல்லிக்குப் பின்னால் யாரும் நெருங்கி நிற்கவில்லை. ஆனால் முன்னால் நின்ற ஆமையை அது லேசாக இடித்து இடித்தே முன்னேறிவிட்டது.

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "இவர் சேர்க்கப்படாதவர் என்பதற்குச் சான்றிதழ்?"

"அதை யாரு தருவாங்க?" என்று கேட்டது பொன்னுரங்கம்.

"பல்கலைக்கழகம் தரும்."

"சரி, குடுங்க."

"இங்கே சேர்ந்து படித்தவர்களுக்குத்தான் சான்றிதழ் கொடுப்போம்." ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

பொன்னுரங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத் துணைவேந்தர் மயில் அந்தப் பக்கம் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்கு ஒரே சந்தோஷம்.

"இவரா? இவரை நானே என் காலால் எட்டி வெளியே தள்ளினேனே! அப்போதே எவ்வளவு தொலைநோக்கு, பாருங்கள். அன்றைக்கு இவரைச் சேர்த்திருந்தால் இன்றைக்கு யாரைச் சேர்ப்பது?"

ஆந்தை தூக்கத்திலேயே முத்திரை குத்தியது.

விழா நாள் வந்தது. பந்தல், பதாகை, கேமராவோடு ஒரு குரங்கு. முதல் வரிசையில் பொன்னுரங்கத்துக்கு ஒரு நாற்காலி. அது ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வாலை எங்கே விடுவது என்று தெரியாமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டது. கடைசி வரிசையில் செண்பகவல்லியின் அம்மா மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முள்ளம்பன்றி மாப்பிள்ளை, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு. வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மயில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தது.

"இந்தப் பெரியவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாசலுக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும், பனியோ வெயிலோ, இவர் உயரமான இடத்தில் நின்று நாக்கை நீட்டி எனக்கு வணக்கம் சொல்வார். முன்பு எனக்கு அது புரியவில்லை. பிற்பாடு ஒரு பயிற்சி முகாமில், நாக்கை நீட்டுவது இவர்களின் வழக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து நானும் தவறாமல் கழுத்தை ஆட்டிப் பதில் வணக்கம் சொல்லிவருகிறேன்."

கூட்டம் கைதட்டியது. பொன்னுரங்கம் ஆடாமல் அசையாமல் இருந்தது. ஆயுள் முழுக்க ஒருத்தனைத் திட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க அவனுக்குக் கும்பிடு போட்டிருக்கிறது.

"யாருக்காவது, எதனாலாவது, மனவருத்தம் ஏற்பட்டிருக்குமானால்," என்று மயில் தொடர்ந்தது, "அதற்காக வருந்துவது குறித்துப் பல்கலைக்கழகம் பரிசீலிக்கும்."

இந்த நாளுக்காகவே பொன்னுரங்கம் ஒரு பதில் தயாராக வைத்திருந்தது. புற்றுக்குள் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தீட்டி வைத்த பதில் அது. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுவந்து வைத்தார்கள். பொன்னாடை கதகதப்பாக இருந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றது பொன்னுரங்கம்.

தேநீர் வந்தது. ஆந்தையும் வந்தது. பானைக் கயிறு அதன் கையில்தான் இருந்தது.

"பானை இறங்கும் நேரத்தில் சேர்க்கப்படாதவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். யார் அவர்?"

"இவர்தான் ஐயா, எங்க மாமா" என்றது செண்பகவல்லி.

"இவரை இப்போதுதானே சேர்த்தோம்? நானே கைதட்டினேன். சேர்ந்தவரைச் சேர்க்கப்படாதவர் என்று எப்படிச் சொல்வது? விண்ணப்பம் தள்ளுபடி."

கடைசி வரிசையில் அம்மா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். மாப்பிள்ளை மீசையைத் தடவினான். செண்பகவல்லி ஓடிவந்து பொன்னுரங்கத்தின் காலைப் பிடித்தது.

"மாமா, எப்படியாவது அவங்க உங்களை வெளிய தள்ளற மாதிரி எதையாவது செய்யுங்க!"

"அழாத புள்ள. அதுல எனக்குப் பழக்கம் இருக்கு."

பொன்னுரங்கம் மேடையில் ஏறி மயிலுக்கு நேராக நின்று நாக்கை நீட்டியது. மயில் கழுத்தை ஆட்டிப் பதில் வணக்கம் சொன்னது. பொன்னுரங்கம் வாலைச் சுழற்றித் தண்ணீர்க் குடத்தை ஒரே அடியில் உடைத்தது. "வால் வீச்சு! இவர்களின் மரபுக் கலை!" என்றது மயில். கூட்டம் ஆர்ப்பரித்தது. பொன்னுரங்கம் உடம்பை ஊதிப் பெருக்கிச் சீறியது. "நமக்காகப் பாடுகிறார்" என்றது மயில், கண்ணை மூடித் தலையாட்டியபடி. கடைசியில் பொன்னுரங்கம் மயிலின் தோகையிலிருந்து ஓர் இறகைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கியது. மயிலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் குரங்கின் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. "நினைவுப் பரிசாக எடுத்துக்கொள்கிறார்."

பொன்னுரங்கத்துக்கு மூச்சு வாங்கியது. தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துவிட்டது. கையில் இறகோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்தது. அப்போது, அதுவே நினைக்காமல், வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது.

"ஐயா, எனக்கு ஓர் இடம் வேணும்."

"முதல் வரிசையிலேயே போட்டிருக்கிறோமே?" என்றது மயில்.

"அது இல்லீங்க. வகுப்புல. சேர்ந்து படிக்கலாம்னு பாக்குறேன். அன்னைக்குப் பேர் கேட்டீங்க. பேர் பொன்னுரங்கம்."

கைதட்டல் நின்றது. தேநீர்க் குவளைகள் நின்றன. மயிலின் தோகை மெல்ல மெல்ல விரிந்தது.

"படிக்கவா? இந்த வயதிலா? என்ன தகுதி உனக்கு? கடைசித் தேதி எப்போது முடிந்தது தெரியுமா? சேர்த்துக்கொள்கிறோம் என்றால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வதா? யாரங்கே!"

பொன்னுரங்கம் வாசலுக்கு வெளியே, அதே புழுதியில், கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து விழுந்தது. பொன்னாடையை உருவிக்கொண்டார்கள், அடுத்த விழாவுக்கு வேண்டுமாம்.

ஆந்தை இரண்டு கண்ணையும் திறந்தது. "ஆம், சேர்க்கப்படாதவர்தான். என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று சொல்லிக் கயிற்றை விட்டது. மூன்று பானைகளும் இறங்கின. மூன்றாவது பானை காலியாக இருந்தது, விழாச் செலவு. மற்ற இரண்டிலும் அடியில் கொஞ்சம் தேன் இருந்தது. செண்பகவல்லிக்கு அது போதும். முள்ளம்பன்றி கோபத்தோடு எழுந்து போனான், முதுகு முள்ளில் மாட்டிக்கொண்ட நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

"என்ன மூளை மாமா உங்களுக்கு!" என்று செண்பகவல்லி வெளியே ஓடி வந்தது. "எதுக்கும் அசையாத துணைவேந்தர், நீங்க படிக்கணும்னதும் எப்படிப் பாஞ்சாரு! எப்படித் தோணுச்சு இந்தத் தந்திரம்?"

பொன்னுரங்கம் எழுந்து புழுதியைத் தட்டியது. "பின்னே? சும்மாவா வெளிய இருந்து இத்தனை நாளாப் பார்த்துட்டிருக்கேன்?" என்றது. அதன் நாக்கு மட்டும் வாசல் பக்கமாக ஒருமுறை நீண்டு, வாசம் பார்த்துவிட்டு, உள்ளே போனது.

மறுநாளே செண்பகவல்லி ஆராய்ச்சியைத் தொடங்கியது. புற்றில் மேலே ஒரு துளை, பக்கவாட்டில் நாலைந்து துளை, அளவுகோல் செருக ஒரு பெரிய துளை. அன்று சாயங்காலம் முதல் மழை பெய்தது. பொன்னுரங்கம் வழக்கம்போலத் தூங்கியது. கண் விழித்தபோது தலைக்கு மேலே வானம் இருந்தது. சுற்றிலும் சேறு இருந்தது. புற்று இல்லை.

"கரையான் புற்று சில சமயம் கரையும்!" என்று செண்பகவல்லி குடைக்கு அடியில் நின்று குதித்தது. "புதுக் கண்டுபிடிப்பு மாமா! மேற்கொண்டு ஆராயணும், அடுத்த வருஷமும் நிதி கேக்கலாம். நீங்க கவலைப்படாதீங்க, உங்களை இந்தத் தடவை வீடில்லாதவங்க பிரிவுலயும் போட்டுடறேன்."

பொன்னுரங்கம் சேற்றில் நின்றபடி அந்தப் பெண்ணையே பார்த்தது. அடிவயிற்றில் சின்னதாக, கதகதப்பாக, புதுசாக ஒரு கோபம் பிறந்தது. பழையது தேய்ந்துபோயிருந்த நேரத்தில் நல்லவேளையாக வந்து சேர்ந்தது. இதை வைத்து இன்னும் பல மழைக்காலம் ஓட்டலாம். அது மெதுவாக நாக்கை நீட்டியது.

"வணக்கம் மாமா!" என்றது செண்பகவல்லி.

நீதி: வெளியே தள்ளியவர்கள்மேல் கோபப்படாதீர்கள். வருஷாவருஷம் உள்ளே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதற்கு, வெளியே யாராவது ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்?